மாடியிலிருந்து ஹாலுக்கு ஒரு ஒயர்

மலர்க்கொடி: யோவ், இன்னும் எவ்ளோ தூரம் இஸ்துகினே இருப்ப? இங்க ஹால்ல ஒயரு மல மாதிரி குமிஞ்சு கீது.

ரகுபதி: உட்டுடாத மே... புடிச்சுக்கோ. மாடி ஜன்னல்ல ஒரு முடிச்சு போட்டுட்டு எறங்கி வரேன்.

மலர்க்கொடி: நேத்தே போட்டியே முடிச்சு?

ரகுபதி: அது காத்துக்குத் தாங்காது.

மலர்க்கொடி: கப்பலயே கட்ற முடிச்சு, ஒரு ஒயரத் தாங்காதா? நல்லா கட்டு நைனா. வூடு கெளம்பி அந்தமானுக்குப் போய்டப் போவுது.

ரகுபதி: மெதுவாப் பேசு மே. தெரு பூரா கேக்குது.

மலர்க்கொடி: ஒம்போது நாளா கேட்டுகினுதான் கீது. பக்கத்து வூட்டு ஹில்டாக்கா காலைல கேட்டுச்சு, "உங்க வூட்டுக்காரு டி.வி.க்கு ஒயரு இஸ்க்கறாரா, கோட்ட கட்றாரா"ன்னு.

ரகுபதி: நீ இன்னா சொன்ன?

மலர்க்கொடி: ரெண்டும் இல்லக்கா, டைம் பாஸ் பண்றாருன்னு சொன்னேன்.

ரகுபதி: தோ வந்துட்டேன். நவுரு... ஏணிய எங்க வச்ச?

மலர்க்கொடி: ஏணி எதுக்கு இப்ப? எனக்கு ஒரே ஒரு டவுட்டு, அத்த மட்டும் க்ளியர் பண்ணு. படம், பாட்டு, போட்டோ, கேமராவுல எட்த்தது எல்லாமே மாடில கம்ப்யூட்டர்ல கீது. டி.வி. கீழ ஹால்ல கீது. சரியா?

ரகுபதி: கரீக்ட்டு.

மலர்க்கொடி: அந்தக் கம்ப்யூட்டரத் தூக்கினு வந்து டி.வி. பக்கத்துல வச்சா வேல முடிஞ்சிச்சே. ஒயரே வாணாமே?

ரகுபதி: அடிப் பாவி... அது நெட்ஒர்க்கு மே! ஒரு எடத்துல சாமானு, எந்த டி.வி.ல வேணும்னாலும் பாக்கலாம்.

மலர்க்கொடி: நம்ப வூட்ல எத்தினி டி.வி. கீது?

ரகுபதி: அந்த ஒயரக் கொஞ்சம் நவுத்து.

மலர்க்கொடி: சொல்லு.

ரகுபதி: ஒண்ணு.

மலர்க்கொடி: சோக்காக் கீது.

ரகுபதி: சிரிக்காத. கப்பல்ல இப்டித்தான் வச்சிருந்தோம். பிலிப்பைன்காரன் ஒருத்தன் ரூம்ல பெரிய டிஸ்க்கு. ரூம் ரூமா ஒயரு. டூட்டி முடிஞ்சி வந்தா அவங்கவங்க பெட்ல படுத்துகினே படம் பாப்போம். டி.வி. பக்கத்துல கீற இந்தப் பொட்டிய அதுக்குத்தான் சிங்கப்பூர்ல தேடித் தேடி வாங்கினேன். இது அங்கேர்ந்து படத்த இஸ்து இங்க டி.வி.ல காட்டும்.

மலர்க்கொடி: சரி, காட்டட்டும். அதுக்கு முன்னாடி மணியப் பாரு. பத்தே கால்.

ரகுபதி: அதுக்கு இன்னா இப்போ?

மலர்க்கொடி: கப்பல் ஏஜென்ட்டு இன்னா சொன்னாரு? "புதன்கெழமை பன்னெண்டு மணிக்குள்ள நீ வரேன்னு சொல்லணும். சொல்லலன்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குட்த்துடுவேன்." சொன்னாரா, இல்லியா?

ரகுபதி: சொன்னாரு.

மலர்க்கொடி: இன்னிக்கு இன்னா கெழம?

ரகுபதி: அவரேதான் போன் பண்றேன்னு சொல்லிக் கீறாரு மே.

மலர்க்கொடி: போன்தான் ஞாயித்துக்கெழமலேர்ந்து செத்துக் கெடக்குதே. எட்த்து காதுல வச்சா "ஙே"ன்னுகூட சத்தம் வரல. நெட்டு மட்டும் ஓடுது, போன் மட்டும் ஓடல. இன்னா மாயம்னே தெரில.

ரகுபதி: டெலிபோன் ஆபீஸ்ல சொல்லிக் கீறேன். ஆளு வருவான்.

மலர்க்கொடி: செல்லு?

ரகுபதி: அதான் கடல்ல உயுந்துச்சே.

மலர்க்கொடி: பதினோரு வருசம் கப்பல்ல வேல செஞ்சு ஒரு ஸ்பேனரக்கூட கடல்ல உட்டதில்லன்னு பீத்திக்குவ. கொயந்த ஷாலுக்கு நண்டு காட்றேன்னு கல்லு மேல குனிஞ்சதும் செல்லு உயுந்துடுச்சு. நல்லா கீது கத.

ரகுபதி: நெசமாவே உயுந்துச்சு மே. அது ஷாலு மேல சத்தியம்.

மலர்க்கொடி: "அது" சத்தியமா? அப்ப எது பொய்யி?

ரகுபதி: வாய்தான் உனுக்கு. அந்தக் கிளிப்ப எடு. கண்ணாடி மாதிரி சின்னதாக் கீது பாரு, எட்டு பல்லு வச்சது.

மலர்க்கொடி: இந்தா. இந்த ஒரு கிளிப்பு வாங்க மூணு நாளு ரிட்சி ஸ்ட்ரீட்டு போன ஆளு நீ. காலைல போனா சாயங்காலம் வருவ. கிளிப்பு வாங்கனியா, செஞ்சி எட்த்துனு வந்தியா?

ரகுபதி: லாரி ஜாம்மு. எண்ணூர் ரோட்டப் பத்தி உனுக்குத் தெரியாதா?

மலர்க்கொடி: தெரியும், தெரியும். டவுனுக்குள்ள கீற ரிட்சி ஸ்ட்ரீட்டு எண்ணூர் பக்கம் எப்ப வந்துச்சுன்னுதான் தெரில.

ரகுபதி: ...அந்த வாசலின் டப்பாவத் தா.

மலர்க்கொடி: என் மூஞ்சிக்கு வாங்கியாந்ததா, ஒயருக்கு வாங்கியாந்ததா?

ரகுபதி: உப்புக் காத்து மே. சொம்மா உட்டா ஆறு மாசத்துல பின்னு பச்ச பூத்துடும். கொஞ்சம் தடவி வச்சா தாங்கும்.

மலர்க்கொடி: நீ திரும்பி வர வரைக்கும் தாங்குமா? ஒம்போது மாசம்?

ரகுபதி: தாங்கும்...

மலர்க்கொடி: தாங்கட்டும். ஒயராவது தாங்கட்டும்.

ரகுபதி: இப்ப பாரு. மேல போய் லைட்டு எரியுதா பாத்துட்டு வரேன்.

மலர்க்கொடி: போ... இன்னா, எரியுதா?

ரகுபதி: எரில மே!

மலர்க்கொடி: எறங்கி வா. இங்க பாரு. பச்சையும் நீலமும் எடம் மாறிக் கீது.

ரகுபதி: அட, ஆமா. கண்ணு தெரில.

மலர்க்கொடி: நேத்தும் பச்சையும் நீலமும்தான் மாறிச்சு. முந்தாநேத்தும் அதான். ராத்திரி இருட்டுல ஒரு மைல் தூரத்துல வர போட்டுல பச்ச லைட்டு எரியுதா, செவப்பு எரியுதான்னு சொல்ற கண்ணு. கையில கீற ஒயரு தெரிலியா?

ரகுபதி: ஆயிடுச்சு மே, வயசு...

மலர்க்கொடி: முப்பத்தாறு வயசு. தாத்தா, தடி வேணுமா?

ஹில்டா: மலரு... மலரு! கதவு தொறந்து கெடக்குதே, உள்ள வரட்டா?

மலர்க்கொடி: வாக்கா. ஒயரத் தாண்டி வா, தடுக்கிக்கப் போற.

ஹில்டா: ரெண்டு வெங்காயம் குடேன், ஸ்கூல்லேர்ந்து அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன். இன்னா ரகு, எல்லாம் நல்லபடியா முடிவு பண்ணிட்டீங்க போலக்கீதே. மலரு அன்னிக்கு...

மலர்க்கொடி: அக்கா! வெங்காயம் சமையக்கட்டுல கூடைல கீது, வேணுங்கறத எட்த்துக்கோ. நாலா எட்த்துக்கோ. பின்பக்கமா போய்டு, அங்க ஒயரு இல்ல.

ஹில்டா: ஓ... சரி சரி. நான் ஒண்ணும் பேசல. வரேன் ரகு.

ரகுபதி: இன்னாத்த முடிவு பண்ணிட்டோம்னு சொல்லிட்டுப் போவுது?

மலர்க்கொடி: நீ வெள்ளிக்கெழம ஏரோப்ளேன் ஏறப்போறியே, அத்தச் சொல்லுது. ஊருக்கே தெரியும். எங்க அக்கா தங்கச்சிங்க எல்லாம் "மாமா எந்த நாட்டுக்குப் போறாரு, இன்னா வாங்கியாருவாரு"ன்னு கேட்டுகினு கீறாளுங்க.

ரகுபதி: துணிப் பொட்டியும் கட்டி வாசப்பக்கம் வச்சிட்ட.

மலர்க்கொடி: போற ஆளுக்குக் கட்டாம? நீதான் தெனம் காலைல மாடி ஏறி நின்னு, வெளிய நங்கூரம் போட்டுகினு நிக்கிற கப்பல எண்ணுறியே. காலு பரபரன்னு கீதுன்னு எனக்குத் தெரியாதா?

ரகுபதி: ...கிளிப்ப அமுக்கற அந்த கிரிம்பிங்க எடு.

மலர்க்கொடி: நீ குந்து. இந்த தபா நான் பண்றேன்.

ரகுபதி: உனுக்கு எப்டி...

மலர்க்கொடி: ஒம்போது நாளா பாத்துகினு கீறேன்ல. ஆரஞ்சு வெள்ள, ஆரஞ்சு. பச்ச வெள்ள, நீலம். நீல வெள்ள, பச்ச. ப்ரவுன் வெள்ள, ப்ரவுன். சரியா?

ரகுபதி: ...சரி.

மலர்க்கொடி: நேரா வெட்டி, உள்ள உட்டு, ஒரே அமுக்கு. ஆச்சு. போய்ப் பாரு மேல... இன்னா, எரியுதா?

ரகுபதி: எரியுது மே.

மலர்க்கொடி: இன்னா கலரு?

ரகுபதி: பச்ச.

மலர்க்கொடி: அப்பாடா. எறங்கி வா. இன்னும் இன்னா பாக்கி?

ரகுபதி: நெறைய கீது. கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பர், பொட்டிக்கு ஒரு நம்பர் குடுக்கணும். ரெண்டும் ஒரே தெருவுல இருக்கற மாதிரி. கதவு நம்பர் மட்டும் வேற வேற. அப்பதான் இது அத்தக் கண்டுபுடிக்கும். அதுக்கே ரெண்டு நாளு...

மலர்க்கொடி: நேத்து பேப்பர்ல எழுதி வச்சியே, இதானே அது? கடைசி நம்பரு இதுக்கு பத்து, அதுக்கு பதினொண்ணு.

ரகுபதி: அத்த எங்கேர்ந்து எட்த்த?

மலர்க்கொடி: உன் சட்டப் பையிலேர்ந்து. எழுதிட்டு ஒளிச்சி வச்சிக் கீற. ரிமோட்டு இங்க தா... பத்து... அமுக்கு... தோ! யோவ், டி.வி.யப் பாரு!

ரகுபதி: வந்துடுச்சா?

மலர்க்கொடி: வந்துடுச்சுய்யா! மாடில கீறது ஹால்ல வந்துடுச்சு! நான் சொம்மா நெனச்சேன்யா இத்த, நெசமாவே சோக்காக் கீது.

ரகுபதி: இரு... இது இன்னா லிஸ்ட்டு? படம் பேரக் காணோம்? "கோல்டன் ஹெரான்." "சீ ஆர்க்கிட்." "ஈஸ்டர்ன் லான்டர்ன்." இதெல்லாம் நான் போன கப்பலுங்க இல்ல?

மலர்க்கொடி: ஆமா. ஹில்டாக்காதான் கம்ப்யூட்டர்ல ஏத்த சொல்லிக் குட்த்துச்சு. பேரு இன்னா வக்கலாம்னு கேட்டுச்சு. எனக்கு தேதி மாசம் எல்லாம் நெனப்புல நிக்காது. நீ எந்தக் கப்பல்ல கீறப்ப எட்த்ததுன்னு மட்டும் நல்லா நெனப்பு கீது. அதான் அப்டியே வச்சிட்டேன்.

ரகுபதி: கப்பல் பேரா...

மலர்க்கொடி: எங்க அக்கா வூட்லயும் அப்டித்தான். எங்க மாமா எந்தக் கப்பல்ல கீறப்ப எந்தப் புள்ள பொறந்துச்சுன்னுதான் கணக்கு.

ரகுபதி: "கோல்டன் ஹெரான்"ல இன்னா கீது?

மலர்க்கொடி: ஷாலு பொறந்தது. மொட்ட அடிச்சது. தொறக்கட்டா?

ரகுபதி: "சீ ஆர்க்கிட்"?

மலர்க்கொடி: அது நடந்தது. காது குத்தனது. எங்க தம்பிதான் மடில வச்சிக்கினான். என்னா அயுக தெரியுமா!

ரகுபதி: "ஈஸ்டர்ன் லான்டர்ன்"?

மலர்க்கொடி: ஸ்கூல்ல சேத்தது. மொதோ நாளு. அப்பால டான்ஸ் ஆடி கப்பு வாங்கிச்சே, அது.

ரகுபதி: நான் எதுல கீறேன்?

மலர்க்கொடி: ...இன்னா?

ரகுபதி: இந்த லிஸ்ட்டுல நான் எதுல கீறேன் மே?

மலர்க்கொடி: பேருலதான் கீறியே நைனா. எல்லாத்து மேலயும் உன் கப்பலுதான்.

ரகுபதி: வெளையாடாத.

மலர்க்கொடி: வெளையாடல... நீ இருந்தா யாரு கேமராவ எடுக்கறா? நீ வந்த ரெண்டு மாசம் வூட்ல ஒரு போட்டோகூட எடுக்க மாட்டோம். உன் மூஞ்சியப் பாக்கவே நேரம் பத்தாது.

ரகுபதி: ஏர்போர்ட்டுல இந்த தபா இன்னா ஆச்சு, நெனப்பு கீதா? கைய நீட்டி வாடா கண்ணுன்னு கூப்ட்டேன். உன் பொடவ பின்னால போய் ஒளிஞ்சிக்கிச்சு. "போன்ல பேசுற அப்பாவா இவரு"ன்னு உன் காதுல கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

மலர்க்கொடி: கொயந்த தானேய்யா... இப்ப உன் தோள உட்டு எறங்குதா? காலைல ஸ்கூலுக்குப் போவும்போதுகூட "அப்பா சாயங்காலம் இருப்பாரா"ன்னு கேட்டுட்டுத்தான் போச்சு.

ரகுபதி: நீ இன்னா சொன்ன?

மலர்க்கொடி: உங்க அப்பனக் கேளுன்னேன். சரி. ஒயரு வந்தாச்சு, படம் வந்தாச்சு. "இந்த வேலய முடிச்சாதான் எனக்கு மத்த நெனப்பு வரும்"னு சொன்ன. முடிச்சாச்சு. மணி பன்னெண்டு ஆக பத்து நிமிசம் கீது. எய்ந்திரு.

ரகுபதி: எங்க?

மலர்க்கொடி: மார்க்கெட்டு மொனைல பூத்து கீது இல்ல, அங்க. ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போடு. "வரேன் சார்"னு சொல்லு.

ரகுபதி: வெயிலு...

மலர்க்கொடி: வெயிலா? நீ போவப்போற துபாய்ல வெயில் இல்லியா? எய்ந்திரு, செருப்பப் போடு.

ரகுபதி: போறேன்... இந்த ஒயரு மட்டும் செவுத்துல ஆணி அடிச்சிட்டு...

மலர்க்கொடி: நான் அடிச்சிக்கிறேன்.

ரகுபதி: நீ வெரல்ல அடிச்சிக்குவ.

மலர்க்கொடி: என் வெரலு. நீ போ. போறியா, இல்லியா?

ரகுபதி: மே...

மலர்க்கொடி: இன்னா?

ரகுபதி: போன் ரிப்பேர் இல்ல மே.

மலர்க்கொடி: இன்னாது?

ரகுபதி: டெலிபோன் ஆபீஸ்ல நான் ஒண்ணும் சொல்லல. லைன ரெண்டாப் பிரிக்கிற சின்ன டப்பா கீது இல்ல, நெட்டுக்கு ஒண்ணு, போனுக்கு ஒண்ணு... அதுல போனுக்குப் போற பின்ன நாந்தான் புடுங்கி உட்டேன். ஞாயித்துக்கெழம. நீ மீன் வாங்கப் போனப்ப.

மலர்க்கொடி: எதுக்கு?

ரகுபதி: அவரு போன் வந்தா நீ எட்த்து என் கையில குடுப்ப. "வரேன்"னு சொல்லிடுவேனோன்னு பயம். அவர் கொரல் கேட்டா பதினோரு வருசமா என் வாயில வேற வார்த்த வந்ததில்ல.

மலர்க்கொடி: அப்ப ரிட்சி ஸ்ட்ரீட்டு?

ரகுபதி: ஒரு நாளுதான் போனேன். மத்த ரெண்டு நாளும் எண்ணூர். மாசானம் கீறான்ல, என்கூட "சீ ஆர்க்கிட்"ல இருந்தான்? அவன் இப்ப போர்ட்டுல கப்பல இஸ்க்கற டக் படகு ஓட்றான். கப்பல இட்டாந்து உள்ள உடற வேல. ஒரு ஆளு தேவைன்னான். பெரிய சாருகிட்ட இட்டுனு போய்ப் பேச வச்சான். ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்கோன்னுட்டாங்க. ஷிப்ட்டு முடிஞ்சா வூட்டுக்கு வந்துடலாம். சம்பளம் மட்டும்... இதுல பாதிகூட வராது.

மலர்க்கொடி: இத்த வாயத் தொறந்து சொல்றதுக்கு ஒம்போது நாளா ஒயரு இஸ்துகினு இருந்தியா?

ரகுபதி: எப்டி மே சொல்லுவேன்? நீ பொட்டியக் கட்டி வச்சிக் கீற. உன் அக்கா தங்கச்சிங்ககிட்ட சொல்லிக் கீற. நாழிக்கொரு தபா மணி சொல்லித் தொரத்துற. நீ என்னிய அனுப்பத்தான் பாக்குறன்னு நெனச்சிகினு கீறேன். ஒயரு முடிஞ்சா நான் போயாவணும். முடியலன்னா இன்னும் ஒரு நாளு. அதான் பச்சையும் நீலமும்...

மலர்க்கொடி: மாத்தி மாத்திப் போட்ட.

ரகுபதி: மாத்தி மாத்திப் போட்டேன்.

மலர்க்கொடி: அப்ப தெனம் காலைல மாடில நின்னு கப்பல எண்ணுனியே?

ரகுபதி: இதுல எது என்னிய இட்டுனு போவப் போவுதோன்னு பயந்துகினு எண்ணுனேன். இருவது வயசுல போவணும் போவணும்னு இருந்துச்சு மே. இப்ப இல்ல. எனக்கு என் கொயந்த வேணும். நீ வேணும். தெனம் நீ என்னியக் கலாய்க்கணும், நான் வாங்கிக்கணும். அவ்ளோதான்... அயுவுறியா?

மலர்க்கொடி: வாசலின் கண்ணுல பட்டுச்சு. போ.

ரகுபதி: மணி பன்னெண்டு தாண்டிடுச்சு மே. அவருகிட்ட மட்டும் இப்டிப் பண்ணியிருக்கக் கூடாது. இத்தினி வருசம் வேல குட்த்த மனுசன். ஞாயித்துக்கெழமலேர்ந்து போன் போட்டுப் போட்டுப் பாத்துகினு இருப்பாரு, எடுக்க ஆளில்லாம. மனசு கேக்கல. செருப்ப எடு, பூத்துக்கு ஓடிப்போய் "வரல சார், மன்னிச்சுக்கோங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்.

மலர்க்கொடி: ஓட வாணாம், குந்து. திங்கக்கெழமையே நம்ப போன் போவலன்னு நாம குட்த்து வச்ச ஹில்டாக்கா வூட்டு நம்பருக்கு அடிச்சு என்னியக் கூப்ட்டாரு. அன்னிலேர்ந்து உன்ன பூத்துக்குப் போ, பூத்துக்குப் போன்னு தொரத்தனது நீ எய்ந்திருக்கிறியா, இல்லியான்னு பாக்கத்தான்யா. ஒவ்வொரு தபாவும் எங்க எய்ந்திருச்சிடுவியோன்னு பயந்துகினுதான் சொன்னேன். நீ எய்ந்திருக்கவேயில்ல... "எங்க வூட்டுக்காரு மாடிலேர்ந்து ஹாலுக்கு ஒரு ஒயரு இஸ்துகினு கீறாரு சார், அது முடியறதுக்கு எப்டியும் இன்னும் இருவது வருசம் ஆவும், நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க"ன்னு அன்னிக்கே சொல்லிட்டு வந்துட்டேன்.